இருபத்தைந்தாம் எண் பேருந்து

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களை வகுத்தபோது தொல்காப்பியர் கல்வியின் பொருட்டுப் பிரிவதையும் செல்வத்தின் பொருட்டுப் பிரிவதையும் தனித்தனியே வைத்தார். ஓதற்பிரிவு மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்று எல்லையும் கட்டினார். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனுக்குப் புறப்பட்ட எங்களுக்கோ பிரித்தானிய அரசு இவ்விரண்டு பிரிவையும் ஒரே விசாவில் கலந்து கொடுத்தது. பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் பொருளீட்டலாம். மிச்ச நேரத்தில் ஓதலாம். நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் இதற்கென ஒரு துறை வகுத்து, எடுத்துக்காட்டும் தேடிக் கொடுத்திருப்பார்.

நாங்கள் இருவரும் திண்டுக்கல்லை அடுத்த அகரத்தைச் சேர்ந்தவர்கள். எங்களுள் ஒருவர் தமிழ் முதுகலை முடித்து மொழியியல் படிக்கவும், மற்றவர் வணிகவியல் முடித்துக் கணக்கியல் படிக்கவும் சென்றோம். உடன் வந்த தாடிக்கொம்பு நண்பர் அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் திரும்பிவந்து ஒரே கல்லூரியில் ஆசிரியர்களானோம். 2024 மே மாதம், நண்பரின் புதுமனை புகுவிழாவை முன்னிட்டு மீண்டும் இலண்டன் செல்ல வாய்த்தது.

புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு எங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை வீடு தேடி வந்தார். நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ விவசாயி. மகளுக்கு இங்கிலாந்தில் முதுகலை இடம் கிடைத்திருந்தது. ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி. கேட்டுவிட்டு அவரே ஒரு விடையையும் வைத்திருந்தார்: "நீங்க ரெண்டு பேரும் லண்டன் பேங்க்ல வேலை பாத்துக்கிட்டே படிச்சீங்களாம்ல சார். கடனெல்லாம் ஒரே வருசத்துல அடைச்சிட்டீங்களாம்."

எங்கள் சொந்தபந்தங்கள் அன்று ஊருக்குள் பரப்பிய செய்தி அது. 16 ஆண்டுகளில் அது குடகனாற்றைத் தாண்டி நிலக்கோட்டை வரை போயிருக்கிறது. அதில் ஒரு பாதி உண்மை. வங்கிக் கட்டடத்தில்தான் வேலை பார்த்தோம். விடியற்காலை 4 மணி முதல் 7 மணி வரை, ஆறாவது மாடியிலும் ஏழாவது மாடியிலும், குப்பைக் கூடைகளைக் காலிசெய்து, மேசைகளைத் துடைத்து, கழிப்பறைகளைக் கழுவினோம். கடன் அடைய ஐந்தாண்டு ஆயிற்று. இதனை மறைக்காமல் அவரிடம் சொன்னோம். அவர் நாங்கள் தன்னடக்கத்தால் பேசுவதாக எண்ணிக்கொண்டு எழுந்து சென்றார். நன்றாகச் சம்பாதித்தவன் இல்லையென்று சொல்வது நம் ஊரில் வழக்கந்தானே. அவரை நம்பவைக்க எதையாவது கொண்டுவர வேண்டும் என்ற எண்ணத்துடனேயே விமானம் ஏறினோம்.

அக்காலத்து எங்கள் வாழ்க்கை மேனர் பார்க்கில். இலண்டனின் கிழக்கே, நியூஹாம் வட்டாரத்தில், ஈஸ்ட் ஹாமை ஒட்டிய பகுதி. மகாலட்சுமி கோயிலும் முருகன் கோயிலும் நடந்து செல்லும் தொலைவு. ஓர் அறையில் நால்வர். வாடகை ஆளுக்கு வாரம் 40 பவுண்டு. 2008 அக்டோபரில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 5 பவுண்டு 73 பென்சு. வார நாட்களில் துப்புரவு 15 மணி, ஞாயிறன்று மளிகைக் கடையில் 5 மணி. ஆக 20 மணிக்கு 114 பவுண்டு 60 பென்சு. அதை எண்பதால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பெருக்காமல் அங்கேயே செலவிட்டால் வெள்ளிக்கிழமை கையில் ஒன்றும் இருக்காது. ஊருக்குப் பேசும்போது பெருக்கிச் சொல்வதும், கடைக்குப் போகும்போது பெருக்காமல் இருக்கக் கற்பதும் வெளிநாட்டு மாணவனின் முதற்பாடம்.

வேலைக்குச் செல்ல இரவு முழுவதும் ஓடும் 25ஆம் எண் பேருந்து. இல்ஃபோர்டிலிருந்து புறப்பட்டு ராம்ஃபோர்ட் சாலை வழியே ஸ்ட்ராட்ஃபோர்ட், போ, மைல் எண்ட், வைட்சாப்பல், பேங்க் என்று ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் வரை செல்லும். அன்று அது இரு பெட்டிகளை நடுவே துருத்திபோல் மடியும் உறையால் இணைத்த நீளப் பேருந்து. எந்தக் கதவிலும் ஏறலாம் என்பதால் கட்டணம் செலுத்தாமல் பயணம் செய்வோர் மிகுதி. இலவசப் பேருந்து என்றே அதற்குப் பட்டப்பெயர். நாங்கள் அட்டையைத் தேய்த்து 90 பென்சு கொடுத்துத்தான் சென்றோம். விசாவைப் பற்றிய அச்சம் அறத்தைக் காக்கும் ஆற்றல் உடையது.

அதிகாலை மூன்றேகால் மணிக்கு அப்பேருந்தில் ஒரு தனி உலகம் இருந்தது. கானா, நைஜீரியா, கொலம்பியா, எக்குவடோர், வங்கதேசம் எனப் பல நாட்டவர். எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வேலைச் சட்டை. யாரும் பேசமாட்டார்கள். வைட்சாப்பல் தாண்டியதும் உறங்குவோர் ஒவ்வொருவராகத் தாமாகவே விழிப்பார்கள். இறங்குமிடத்தை உடம்பு அறிந்திருந்தது. பேங்க் நிறுத்தத்தில் இறங்கி, ஒவ்வொரு கட்டடத்தின் பின்புறச் சந்துக்குள்ளும் நாலைந்து பேராகப் பிரிந்து மறைவோம். எங்கள் கட்டடத்துக்கு ஓர் அழகிய முன்வாசல் உண்டு. ஓராண்டு வேலை செய்தும் அதன் வழியே நாங்கள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை.

உள்ளே சென்றபின் கதை வேறு. கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் எல்லாக் கதவுகளும் திறக்கும். பூட்டுக்குப் பெயர்போன ஊரிலிருந்து சென்ற எங்களுக்குப் பூட்டே இல்லாத அக்கதவுகள் பெரும் வியப்பு. பகலில் அம்மாடியில் இருப்போர் எவரையும் நாங்கள் கண்டதில்லை. ஆனால் யார் மேசையில் யார் படம் இருக்கிறது, யார் மாத்திரை சாப்பிடுகிறார், யார் புகைப்பதை நிறுத்த முயல்கிறார் என்பதெல்லாம் தெரியும். நாங்கள் இலண்டன் சேர்ந்த அதே செப்டம்பரின் 15ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானது. கானரி வார்ஃபில் ஊழியர்கள் அட்டைப்பெட்டிகளுடன் வெளியேறும் படங்கள் உலகெங்கும் வந்தன. நாங்கள் பணியேற்ற பின் அந்நெருக்கடியை அறிந்தது குப்பைக் கூடையின் வழியே. நவம்பரில் ஏழாவது மாடியில் கூடைகள் இலேசாயின. பிறகு மேசைமேல் இருந்த குழந்தைகளின் படங்கள் மறைந்தன. தை பிறப்பதற்குள் ஒரு வரிசை மேசையே துடைக்கத் தேவையில்லாமல் கிடந்தது. கணக்கியல் வகுப்பில் பேராசிரியர் அதனை வரைபடமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டாரிடம் நாங்கள் வேலையை மறைத்ததில்லை. தொலைபேசி அட்டை வாங்கி, ஐப்பசியில் முத்தாலம்மன் திருவிழாக் கொட்டுச் சத்தத்துக்கு நடுவே அம்மாவிடம் சொன்னபோது அவர் அதிரவும் இல்லை, அழவும் இல்லை. "வாசக் கூட்டித் தெளிக்கிற வேலைதானப்பா. விடியறதுக்குள்ள முடிச்சிருங்க" என்றார். நாற்பது ஆண்டு விடியுமுன் வாசல் தெளித்தவர் வேறென்ன சொல்வார்? வங்கி வேலை என்று பரப்பியது அம்மா அல்லர், மாமன்கள்.

2009 பிப்ரவரி 2ஆம் நாள் நினைவிலிருந்து நீங்காதது. முந்தைய இரவு கொட்டிய பனியால் இலண்டன் நகரப் பேருந்துகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. நிறுத்தத்தில் அரைமணி காத்திருந்துவிட்டு நடக்கத் தொடங்கினோம். பத்து கிலோமீட்டருக்கும் மேல். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் அதே பேருந்தின் மனிதர்கள் வரிசையாக, அதே பிளாஸ்டிக் பைகளுடன். பாலைத்திணையை வெயிலோடு மட்டுமே படித்திருந்த எங்களுக்கு வெண்ணிறப் பாலை அன்றுதான் அறிமுகமாயிற்று. ஆறு மணியளவில் போய்ச் சேர்ந்தோம். கானா நாட்டுக் காவலர் கதவைத் திறந்து, வாய்திறந்து ஒன்றும் கேட்காமல் தேநீர் கொடுத்தார். வார இறுதியில் ஒப்பந்த நிறுவனம், அதன் பெயர் இங்கு வேண்டாம், தாமதம் என்று சொல்லி ஒருமணி ஊதியம் மட்டுமே தந்தது. எங்களோடு பணிபுரிந்த எக்குவடோர் அம்மையார்தாம் வாழ்வூதிய இயக்கத்தின் துண்டறிக்கையை எங்கள் கையில் திணித்தார். 2001இல் அதே கிழக்கு இலண்டனில் பிறந்த இயக்கம் அது. 2008இல் அது கோரிய இலண்டன் ஊதியம் மணிக்கு 7 பவுண்டு 45 பென்சு. இரண்டு தொகைக்கும் இடைப்பட்ட 1 பவுண்டு 72 பென்சுக்குள்தான் எங்கள் மதியச் சாப்பாடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவருடையது. முருங்கைக்காய், ஒடியல் மா, தொலைபேசி அட்டைகள், அரிசி மூட்டைகள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதற்கேள்வி, "தம்பியவை சாப்பிட்டியளோ?" என்பதே. 2009இன் அந்த மாதங்களில் கடையின் தொலைக்காட்சி ஓயவில்லை. ஏப்ரலில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தொடங்கிய ஈழத்தமிழர் போராட்டம் ஜூன் வரை நீடித்தது. ஒரு சனிக்கிழமை நாங்களும் சென்று நின்றோம். மே மாத நடுவில் கடை சில நாள் திறக்கவில்லை. மீண்டும் திறந்தபோது அண்ணை எங்களிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்டார்.

முன்வாசல் வழியே நாங்கள் நுழைந்த பெரிய கட்டடம் ஒன்று உண்டென்றால் அது செயிண்ட் பேங்க்ரசில் உள்ள பிரித்தானிய நூலகம். வாசகர் அட்டைக்குக் கட்டணமில்லை. வகுப்பில்லாத நாட்களில் பணி முடித்து, கைகளில் துப்புரவு மருந்தின் வாடையோடு ஆசிய ஆப்பிரிக்கப் படிப்பறையில் போய் அமர்வோம். பார்னெட்டும் போப்பும் சேர்ந்து 1909இல் வெளியிட்ட தமிழ் நூற்பட்டியல் அங்கே எங்களுக்கு வழிகாட்டி. போப் என்றால் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கிய அதே ஜி.யு.போப். அச்சாகும் நூல்களை அரசிடம் பதிய வேண்டும் என்ற 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் எண்ணும் 25தான். அச்சட்டத்தின் துணையாலும் நம் சென்னைப் பதிப்புகள் பல கடல் கடந்து அங்கே சேர்ந்தன. ஊரில் செல்லரித்துப்போன வகையைச் சேர்ந்த சிறு பிரபந்தங்களும் கும்மிப் பாடல்களும் அங்கே பஞ்சுத் தலையணைமேல் வைத்துக் கொடுக்கப்பட்டன. உண்மையைச் சொன்னால் அவற்றைப் படித்ததைவிட அவற்றின் பக்கத்தில் உறங்கியதே மிகுதி. பணியாளர் ஒருவர் மெல்லத் தோளைத் தொட்டு எழுப்புவார், வெளியேற்றியதில்லை. நூலகங்களைப் பற்றி எங்களுக்குள்ள உயர்ந்த மதிப்பு அங்கே கிடைத்த உறக்கத்திலிருந்து தோன்றியது.

இனி 2024. இல்ஃபோர்டில் நண்பரின் வீட்டில் பால் காய்ச்சி முடித்த மறுநாளே அவர் எங்களை நகரம் காட்ட அழைத்துச் சென்றார். நாங்கள் அறிந்த நகரத்தை எங்களுக்கே காட்ட ஒருவர் தேவைப்பட்டார். மேனர் பார்க்கில் 2022இல் வந்த எலிசபெத் வழித்தட இரயில் ஏறினால் கால் மணியளவில் லிவர்பூல் ஸ்ட்ரீட். ஸ்ட்ராட்ஃபோர்டில் அன்று ஒலிம்பிக்குக்காகத் தோண்டிக்கிடந்த நிலத்தில் இன்று அங்காடி மாளிகையும் அடுக்கு வீடுகளும். அப்டன் பார்க்கில் வெஸ்ட் ஹாம் கால்பந்து மைதானம் 2016 மே மாதத்தோடு விடைபெற்று, அவ்விடத்தில் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. நகரின் நடுவே 278 மீட்டர் உயரத்தில் 22 பிஷப்ஸ்கேட் என்னும் கோபுரம். அதன் 58ஆம் மாடியில் 2023 முதல் கட்டணமில்லாத காட்சிக்கூடம். முன்பதிவு செய்து மேலே சென்றோம். 254 மீட்டர் உயரத்திலிருந்து தேம்சு ஆறு நம் ஊர் வாய்க்கால்போல் தெரிந்தது. எங்கள் கட்டடத்தைத் தேடினோம். கூரைகளை மட்டும் காட்டும் அவ்வுயரத்திலிருந்து எங்களால் அதனைக் கண்டுபிடிக்க இயலவில்லை. அதன் கூரையை நாங்கள் எப்போது பார்த்தோம்? சுற்றுலாப் பயணிகள் விரலால் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்த கண்ணாடியைப் பின்னாலேயே ஓர் இளைஞர் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் வரும்போது நாங்கள் இருவரும் எங்களை அறியாமல் கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டோம்.

கீழே இறங்கி நடந்து கட்டடத்தைக் கண்டுபிடித்தோம். முன்வாசல் வழியே சென்றோம். வரவேற்பில் இருந்த பெண் மிக்க பணிவோடு, யாரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார். எவர் பெயரைச் சொல்வது? ஒருகாலத்தில் எல்லாக் கதவையும் திறந்த எங்களுக்கு, நல்ல கோட்டு அணிந்து சென்ற அன்று ஒரு கதவும் திறக்கவில்லை. நூலகத்தில் கதவு திறந்தது. ஆனால் 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலின் பாதிப்பிலிருந்து பட்டியல் சேவை முழுமையாக மீண்டிருக்கவில்லை. பழைய அச்சுப் பட்டியல் கைகொடுக்கும் என்று போப் எங்கேனும் சிரித்திருக்கலாம்.

அண்ணையின் கடையில் இப்போது ருமேனிய உணவுப்பொருட்கள் விற்கிறார்கள். அவரை வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் கண்டோம். தலை முழுதும் நரைத்திருந்தது. பார்த்த மாத்திரத்தில், "தம்பியவை! சாப்பிட்டியளோ?" என்றார். பிரசாதத்தோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். போர் முடிந்தபின் ஒருமுறை யாழ்ப்பாணம் போய்வந்தாராம். வீடு இருந்ததாம், யாரோ குடியிருந்தார்களாம், கேட்டில் நின்று கதைத்துவிட்டு வந்துவிட்டாராம். "நீங்கள் பழைய இடம் பார்க்க இஞ்ச வந்திருக்கிறியள். நான் பழைய இடம் பார்க்க அங்க போனனான். அவை தேத்தண்ணி தந்தவை" என்றார். அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் அதிகாலை, நண்பர் எவ்வளவோ தடுத்தும், மூன்று மணிக்கு ராம்ஃபோர்ட் சாலை நிறுத்தத்துக்குச் சென்றோம். நீளப் பேருந்துகள் 2011இலேயே ஒழிந்தன. பகல்நேர 25 இப்போது ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் வரை செல்வதில்லை. இரவில் 'என்' என்னும் எழுத்தை முன்னே சேர்த்துக்கொண்ட 25 வருகிறது. மாடிப் பேருந்து, 2024இல் கட்டணம் 1 பவுண்டு 75 பென்சு. ஏறிய கணத்திலேயே ஊர் வந்துவிட்டது. அதே அமைதி, அதே மடிப் பைகள். முகங்கள் வேறு, பாதிப்பேர் காதில் பஞ்சுபோல் ஒரு கருவி. பத்து நாட்களாகத் தேடியும் கிட்டாத இலண்டன் அங்கே உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் முதுகுப்பையோடு ஓர் இளைஞர் தமிழ்ப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், திருச்சிப் பக்கமாம். "எந்தக் காலேஜ்ணே? புதுசா வந்திருக்கீங்களா?" என்றார். நாற்பதைக் கடந்த எங்களை அந்நேரத்தில் அப்பேருந்தில் கண்டவர் வேறென்ன நினைப்பார்? மணிக்கு 11 பவுண்டு 44 பென்சு கிடைக்கிறதாம். அவ்வாண்டு ஏப்ரல் முதல் உயர்ந்த குறைந்தபட்ச ஊதியம். வாடகையைச் சொன்னார். நாங்கள் கொடுத்ததைப்போல் மூன்று மடங்கிற்கு மேல். பேங்கில் அவரும் இறங்கினார். பின்சந்தில் எங்கள் பழைய கதவு, அதன் பக்கத்தில் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டிகள், மேலே மஞ்சள் விளக்கு. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். நேரம் 3.52.

ஊர் வந்ததும் மாணவியையும் தந்தையையும் அழைத்து, கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினோம். எங்கள் காலத்தில் இல்லாத மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, முன்கூட்டியே கட்ட வேண்டும். பவுண்டு நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. 20 மணி வரம்பு அப்படியே இருக்கிறது. பாடவழி முதுகலை படிப்போர் 2024 சனவரி முதல் கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துச் செல்லவும் முடியாது. பெண்ணோடு கடல் கடத்தல் வழக்கமன்று என்ற கருத்துத் தொல்காப்பியத்தில் உண்டே என்று எங்களுள் தமிழ் படித்தவர் சொல்ல, "நான் தனியாத்தானய்யா போறேன்" என்று சிரித்தாள் அவள். தோட்டம் முழுவதையும் வைக்க வேண்டாம், கல்விக்கடனுக்கு முதலில் முயலுங்கள் என்றோம்.

பிறகு அந்தப் படத்தைக் காட்டினோம். தந்தை கைப்பேசியை வாங்கி விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். குப்பைத் தொட்டி, விளக்கு, கதவு.

"இதுதான் பேங்க்கா சார்?"

"இதுதான்."

"எத்தன மணி இது?"

"நாலாகப் போகுது."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "நாம மொட்டு எடுக்க எறங்குற நேரந்தான். அவளுக்கு அது பழக்கந்தான் சார்" என்றார். கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு, கணக்கு எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அரை ஏக்கரை மட்டும் வைத்ததாகவும், மீதிக்கு வங்கிக்கடன் கிடைத்ததாகவும் ஆவணியில் சொல்லி அனுப்பினார்.